ஆற்று மோட்டாரின் வாயில் எதைக் கட்டுவது? மூன்று மீன்தடுப்புச் சல்லடைகளின் மதிப்பீடு

தாமிரபரணிக் கரையில் மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் உறிஞ்சு குழாயின் வாயில் எதையாவது கட்டித்தான் வைத்திருக்கிறோம்; ஆனால் அது குப்பைக்காகக் கட்டியதே தவிர மீனுக்காகக் கட்டியதன்று. மீன்குஞ்சுகள் மோட்டாருக்குள் போகாமல் காப்பதையே முதல் நோக்கமாக வைத்து, சேரன்மகாதேவிக்குக் கீழே ஆற்றை ஒட்டியிருக்கும் எங்கள் வாழைத் தோட்டத்தில், ஒரே மோட்டாரில் மூன்று விதச் சல்லடைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்ததன் விவரம் இது. முதலாவது, உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வான புட்வால்வைச் சுற்றி ஊரெல்லாம் கட்டுகிற கொசுவலை. இரண்டாவது, திருநெல்வேலியில் ஒரு வெல்டிங் பட்டறையில் துளையிட்ட எவர்சில்வர் தகட்டைக் கொண்டு செய்து வாங்கிய பெட்டி. மூன்றாவது, சர்க்கரை ஆலைகளுக்கு வடிகட்டி செய்து கொடுக்கும் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய, ஆப்பு வடிவக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றிச் செய்த ஆப்புக்கம்பி உருளை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணி எவ்வளவு சிறியது என்று மட்டும் பார்த்துச் சல்லடை வாங்குவதில் பயனில்லை. தண்ணீர் சல்லடையை எந்த வேகத்தில் நெருங்குகிறது என்பதுதான் குஞ்சு பிழைக்குமா சாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆற்று மோட்டார் தண்ணீரை முதலில் தொட்டியில் தள்ளுகிறது. தொட்டியிலிருந்து சொட்டுநீர்க் குழாய்களுக்குப் போகும் வழியில், வட்டுகளை அடுக்கிச் செய்த வடிகட்டியான டிஸ்க் பில்டர் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தப் பில்டரைக் கழற்றிக் கழுவியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வட்டுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் ஒரு பசை அப்பியிருக்கும். வட்டுகளைப் பிரித்து வெயிலில் காட்டினால் அந்தப் பசைக்குள் மிளகின் தோல் போன்ற கருப்புக் கண்கள் சோடி சோடியாகத் தெரியும். சுழலியில் அடிபட்டுச் சிதைந்து வந்த கெண்டைக் குஞ்சுகளும் அயிரைக் குஞ்சுகளும்தான் அவை. மழை தொடங்கி ஆற்றில் செந்தண்ணீர் வந்ததும் பெரும்பாலான ஆற்று மீன்கள் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் சில வாரங்களுக்கு நீரோட்டத்தை எதிர்க்கும் வலுவில்லாமல் ஓரத்தில் மிதந்து வருகின்றன. அவற்றில் பல இருட்டிய பிறகே அதிகமாக மிதந்து வருபவை. நாமோ மின்சாரம் சீராக வருகிறது என்று இரவில்தான் மோட்டாரைப் போடுகிறோம். சல்லடை வாங்கக் காசில்லாதவர்கள், மழைக்கால இரவுகளில் மோட்டாரைப் போடாமல் பகலுக்கு மாற்றினாலே ஓரளவு குஞ்சுகள் தப்பும்.

இது எல்லா இடத்துக்கும் தேவையான பொருள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிந்து சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று இறங்கிவரும் இந்த அணைக்கட்டுகளின் தலைமதகுகள் எதிலும் குஞ்சுகளைத் தடுக்கும் சல்லடை கிடையாது. இருக்க வேண்டும் என்று நான் வாதாடப் போவதும் இல்லை. கால்வாயில் இறங்கிய குஞ்சு குளத்துக்குப் போகிறது, குளத்தில் வளர்கிறது, பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றும்போது ஏலம் எடுத்தவர் வலை போடுகிறார், ஊர் மீன் தின்கிறது. ஆறும் கால்வாயும் குளமும் சேர்ந்ததுதான் நம் மீன்வளம். மதகில் சல்லடை வைத்தால் குளங்கள் வெறுமையாகும். மோட்டாருக்குள் போகிற குஞ்சுக்கு அப்படி ஒரு மறுவாழ்வு இல்லை என்பதால்தான் வேறுபாடு எழுகிறது. ஆகவே இந்த மதிப்பீட்டைத் தோட்டத்து மோட்டார்களுக்கும், ஆற்றில் உறைகிணறு இறக்காமல் நேரடியாக உறிஞ்சும் குடிநீர்த் திட்டங்களுக்கும், ஆலைகளுக்கும் உரியதாக மட்டும் கொள்ள வேண்டும்.

சல்லடைக்கான அளவுகோல்கள் நம் ஊரில் வகுக்கப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சால்மன் மீன்கள் ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய்த் திரும்பி வருகிற நாட்டில், பாசனக் கால்வாய்க்குள் நுழைந்த குஞ்சு வயலில் போய்ச் சாகிறது என்பதால், கால்வாயின் தலையிலேயே சல்லடை வைத்து, தடுத்த குஞ்சுகளை ஒரு தனிக் குழாய் வழியாக மறுபடியும் ஆற்றுக்கே அனுப்புகிறார்கள். அங்குள்ள தேசியக் கடல் மீன்வளச் சேவை வகுத்த விதிகளின்படி, 60 மில்லிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகள் வரும் இடத்தில் வட்டத் துளை 2.38 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நீள்வாக்கிலான இடைவெளி 1.75 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தகட்டின் பரப்பில் குறைந்தது 27 சதவீதம் திறந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது அணுகு வேகம், அதாவது தண்ணீர் சல்லடையை நேர்குத்தாக நெருங்கும் வேகம். தானே சுத்தம் செய்துகொள்ளும் சல்லடையானால் நொடிக்கு 0.4 அடி, அதாவது சுமார் 12 சென்டிமீட்டர் வரை போகலாம். ஆள் வந்து சுத்தம் செய்ய வேண்டிய சல்லடையானால் அதில் பாதிதான், அதாவது 6 சென்டிமீட்டர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சால்மன் இல்லாத, நம் ஆற்றைப் போலக் கலங்கலும் வெதுவெதுப்புமான ஆறுகளுக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இப்படி அளந்து வகுத்த எண் எதுவும் கைவசம் இல்லாததால், இருப்பதிலேயே கடுமையான 6 சென்டிமீட்டரை நான் எடுத்துக்கொண்டேன்.

கணக்கு எளியது. 200 லிட்டர் பீப்பாயை எங்கள் 5 எச்பி மோட்டார் 20 நொடியில் நிரப்புகிறது. ஆக நொடிக்கு 10 லிட்டர், அதாவது 10,000 கன சென்டிமீட்டர். இதைச் சல்லடையின் வெளிப்பரப்பால் வகுத்தால் அணுகு வேகம் கிடைத்துவிடும். 6 சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால் ஏறத்தாழ 1,670 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். கடைக்காரர் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுச் சல்லடை தருவதில்லை. குழாயின் விட்டத்தைக் கேட்டு அதற்குப் பொருந்துகிறதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

மதிப்பிட நான் கையாண்ட முறை இது. மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழும் குழாய்வாயில் மெல்லிய வேட்டித் துணியில் தைத்த பையைக் கட்டி, சல்லடையைத் தாண்டி உள்ளே வந்தவற்றைப் பிடித்தேன். சல்லடையின் மேல் ஒட்டிக்கொண்டு செத்தவற்றை, மோட்டாரை நிறுத்தும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். நிறுத்திவிட்டால் அவை உதிர்ந்து ஓட்டத்தோடு போய்விடும், சல்லடை குற்றமற்றதாகத் தெரியும். மூன்றாவதாக, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வேகமாக இழுக்கப்படுகிறது என்பதைக் காண, வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, சல்லடைக்குச் சற்றுத் தள்ளிச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஆய்வுக்கூடத்துக் கருவி இல்லாதவர்களுக்கு இதைவிட மலிவான வேகமானி கிடைக்காது.

கொசுவலையில் தொடங்குகிறேன். இதன் கண்ணி மூன்று சல்லடைகளிலும் மிகச் சிறியது. விதிகள் கேட்பதைவிடவும் சிறியது. தொட்டிப் பைக்குள் குஞ்சு ஏறத்தாழ வரவே இல்லை என்பதால், பையை மட்டும் பார்க்கிறவர்கள் இதற்கே முதலிடம் கொடுத்துவிடுவார்கள். வலையின் மேற்பரப்பைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 12 சென்டிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள புட்வால்வின் பரப்பு சுமார் 560 சதுர சென்டிமீட்டர்தான். ஆகத் தண்ணீர் நொடிக்கு 18 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கிறது. வலையில் பாதியைப் பாசி மூடியதும் மீதிப் பாதி வழியாக இரண்டு மடங்கு வேகத்தில் இழுக்கிறது. அந்த இழுப்பிலிருந்து அரை அங்குலக் கெண்டைக் குஞ்சால் விலகி நீந்த முடியாது. வலையின் கண்ணிகளில் வால் ஒருபுறமும் செவுள் ஒருபுறமுமாக மடிந்து ஒட்டிக்கொண்டிருந்த குஞ்சுகளை விரலால் எடுத்தபோது செதில் வலையிலேயே தங்கியது. உள்ளே போய்ச் சாகவில்லை, வெளியே சாகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. தண்ணீரும் குறைகிறது, மோட்டாரும் திணறுகிறது, வலையை அடிக்கடி அவிழ்த்து அலச வேண்டியிருக்கிறது. மலிவு என்பதைத் தவிர இதற்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவதான தகட்டுப் பெட்டி என்னை வியக்க வைத்தது. 40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம். நான்கு பக்கச் சுவர்கள் மட்டும் துளையிட்ட தகடு, மேலும் கீழும் மூடிய தகடு. துளை 2 மில்லிமீட்டர். துளைக்கும் துளைக்கும் மையத் தொலைவு 3.5 மில்லிமீட்டர், மாற்றுவரிசை. திறந்த பரப்பு சுமார் 30 சதவீதம். “ஓட்டைய இம்புட்டு சின்னதா வச்சா தண்ணி எப்படி அண்ணாச்சி ஏறும்?” என்று பட்டறைக்காரர் கேட்டார். பக்கச் சுவர்களின் மொத்தப் பரப்பு 3,500 சதுர சென்டிமீட்டர் இருக்கிறதே என்று சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டிய பிறகுதான் தகட்டை வெட்டினார். தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. கணக்குப்படி அணுகு வேகம் 3 சென்டிமீட்டர்கூட இல்லை.

ஆனால் சொட்டு நீலம் வேறு கதை சொன்னது. உறிஞ்சு குழாய் பெட்டியின் ஒரு முனையில் நுழைந்திருந்ததால், அந்த முனையை ஒட்டிய சுவரில் மட்டும் நீலம் பாய்ந்து உள்ளே மறைந்தது. எதிர்முனையில் விட்ட நீலம் அங்கேயே மேகம்போலக் கலைந்து நின்றது. பரப்பு முழுவதும் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு போட்ட கணக்கு, கால்வாசிப் பரப்பில் மட்டும் தண்ணீர் நுழையும் பெட்டிக்குப் பொருந்தாது. குஞ்சுகளும் அந்த ஒரு மூலையில்தான் ஒட்டியிருந்தன. இதற்கான மருந்து பழையதுதான். அமெரிக்கச் சல்லடைகளில் பின்புறம் திருப்பு பலகைகள் வைத்து ஓட்டத்தைப் பரப்பி விடுகிறார்கள். பட்டறையில் ஒரு பிவிசி குழாயில் துளை போட்டு, மோட்டார் பக்கத்தில் துளைகளைக் குறைவாகவும் எதிர்முனையில் நெருக்கமாகவும் வைத்து, அதைப் பெட்டிக்குள் நீளவாக்கில் பொருத்தினோம். அதன் பிறகு நீலம் நான்கு பக்கமும் ஒரே நிதானத்தில் உள்ளே போனது. மூலையில் ஒட்டும் குஞ்சுகளும் மறைந்தன. உள்குழாய் இல்லாத பெட்டியை யாரும் செய்து வாங்க வேண்டாம். உள்குழாயோடு சேர்த்தால் விலை பெரிதாக ஏறுவதில்லை.

பெட்டியின் குறை, பாசியும் நத்தையும். வட்டத் துளைக்குள் நூல்பாசி வேர் பிடித்தால் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் முழுதாக வருவதில்லை. சிறு நத்தைகள் துளைகளின் மேல் வரிசையாக உட்கார்ந்துகொள்கின்றன. தை, மாசியில் தண்ணீர் தெளிந்து வெயில் அடிமட்டம் வரை இறங்கும் காலத்தில் பெட்டியைக் கரையேற்றி, காயவைத்து, தேய்த்துவிட்டு இறக்க வேண்டியிருக்கிறது. பரப்பை வேண்டியதைவிட இரட்டிப்பாக வைத்திருப்பதால், பாதி அடைத்த நிலையிலும் அணுகு வேகம் வரம்புக்குள்தான் இருக்கும் என்பது ஆறுதல். தகட்டின் வெட்டிய ஓரங்கள் கையைக் கிழிக்கும். பட்டறையில் நின்று ஓரங்களை மழுங்கத் தேய்த்து வாங்குவது நல்லது.

மூன்றாவதான ஆப்புக்கம்பி உருளையைப் பார்த்தால், இரு பக்கமும் மூடிய பெரிய புட்டுக்குழல் போலத்தான் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் விட்டம், 30 சென்டிமீட்டர் நீளம். கம்பியின் வெளிமுகம் அகலமாகவும் உள்முகம் குறுகலாகவும் இருப்பதால், இடைவெளிக்குள் நுழைந்த மணல்துகள் நடுவில் சிக்காமல் உள்ளே போய்விடுகிறது. இடைவெளி 1.75 மில்லிமீட்டர், திறந்த பரப்பு சுமார் 44 சதவீதம், அணுகு வேகம் 5.3 சென்டிமீட்டர். ஓட்டத்தைப் பரப்பும் உள்குழாயை நிறுவனத்தாரே வைத்துத் தருகிறார்கள். நீலம் உருளையின் முழு நீளத்திலும் சமமாகவே போனது. உள்ளே ஒரு தெளிப்புக்குழாயும் உண்டு. மோட்டாரின் தள்ளுகுழாயிலிருந்து ஒரு வால்வைத் திறந்தால், உள்ளிருந்து வெளியே தண்ணீர் பீறிட்டுப் பாசியைக் கழற்றிவிடுகிறது. வழவழப்பான கம்பியில் பாசியால் பிடித்துக்கொள்ளவும் முடிவதில்லை. சல்லடையின் மேற்பரப்பில் ஒட்டிச் செத்த குஞ்சை இதில் நான் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். சிவப்பு நிறத்தில் திரளாக மேய்கிற விரால் குஞ்சுகளைத் தாய்மீன் இந்த உருளையின் பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனதை ஒரு காலையில் பார்த்தேன். திரள் உருளையின் மேல் ஏறி, மறுபுறம் இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல் போய்விட்டது.

அப்படியிருந்தும் தொட்டிப் பைக்குள் குஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. கம்பிகளில் குறை இல்லை. குறை மூடியில் இருந்தது. உருளையின் முனைமூடி உடம்போடு சேரும் வளையத்தில் ஒரு பக்கம் இடைவெளி விட்டிருந்தது. பால்பாயிண்ட் பேனாவின் ரீபில் சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பு. அது நுழைகிற இடத்தில் குஞ்சும் நுழையும் என்பதை ஒரு விதியாக வைத்துக்கொண்டு, சல்லடை வாங்குகிறவர்கள் கடையிலேயே எல்லா இணைப்புகளிலும் ரீபிலை விட்டுப் பார்ப்பது நல்லது. என் உருளையில் அது தாராளமாகப் போய் வந்தது. நிறுவனத்தாரிடம் சொன்னபோது, ஆலைகளில் இந்த இடைவெளியை யாரும் பொருட்படுத்தியதில்லை என்றார்கள். ஆலையில் மீன் ஏது? ரப்பர் பேக்கிங்கை நானே வெட்டிப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு பை காலியாகவே வந்தது.

இந்தக் குறை உலகத்துக்குப் புதிதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா ஆற்றுப் படுகையின் பாசனக் கால்வாய்களில் வைத்த பெரிய சுழல் உருளைச் சல்லடைகளைப் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தார் 1985 முதல் மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள். சன்னிசைடு கால்வாயில் தொடங்கிய அந்த ஆய்வில், அடையாளமிட்ட சால்மன் குஞ்சுகளை மேலே விட்டு, கீழே திரும்பு குழாயில் பிடித்து, அவை செதில் உதிராமல் வந்து சேர்கின்றனவா என்று பார்த்தார்கள். பின்னால் வந்த ஆண்டுகளில் நீருக்கடியில் கேமரா இறக்கியும் வேகமானி வைத்தும் ஆராய்ந்தபோது, மறுபடி மறுபடி கண்ணில் பட்டவை கம்பிவலையின் ஓட்டைகள் அல்ல. தேய்ந்துபோன ரப்பர் ஓரங்களும், முன்பக்கம் மேடிட்ட வண்டலும், நீர்மட்டம் சரியான அளவில் நிற்காததும்தான். சுழலும் உருளைச் சல்லடையின் விட்டத்தில் 65 முதல் 85 சதவீதம் வரை தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி; குறைந்தால் பரப்பு போதாது, கூடினால் குப்பையோடு சேர்ந்து குஞ்சும் உருளையின் மேலேறி மறுபுறம் விழுந்துவிடும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அமைப்பையும் ஆண்டுதோறும் போய் ரப்பரைத் தடவிப் பார்க்கிறார்கள். நாம் சல்லடையை மாட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

அந்த நாட்டுச் சல்லடைகளில் எதை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: சுழல் உருளை நமக்கு ஆகாது. அணைக்கட்டின் ஷட்டரைத் திறக்கவும் மூடவுமாக நீர்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்குகிற ஆற்றில் அதன் மூழ்கு அளவை நிலையாக வைக்க முடியாது. ஓரிகன் மாநிலத்து ஹூட் ரிவர் பகுதி உழவர்கள் உருவாக்கிய, ஓடும் நீருக்கு அடியில் கிடைமட்டமாகத் தகடு பரப்பிய சல்லடையில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை, மின்சாரமும் வேண்டாம், தண்ணீரில் ஒரு பகுதி தகட்டின் வழியே கீழே இறங்க, மீதி நீர் மீனையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு ஆற்றுக்குத் திரும்புகிறது. ஓயாமல் ஓடும் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு இது அழகான ஏற்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஓடைகளில் தண்ணீர் திருப்புகிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம். சேரன்மகாதேவியின் மணற்படுகையில் அதற்கு வேண்டிய சரிவு இல்லை.

நம் ஆற்றுக்கென்றே உள்ள தொல்லைகள் இரண்டு. ஒன்று அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை; வெள்ளம் வடிந்து ஓட்டம் குறைந்ததும் ஆறு முழுக்கப் பச்சைப்பாய் விரித்ததுபோல் கிடந்து, வேர்களைச் சல்லடையின் மேல் பின்னிக்கொள்கிறது. மற்றொன்று துணி. பாபநாசத்துப் படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகிற வேட்டியும் சேலையும் நீரோட்டத்தில் கீழே வந்து எதில் சிக்குமோ அதில் சுற்றிக்கொள்கின்றன. அதே படித்துறையில் மீனுக்குப் பொரி போடுகிறவர்களும் நம் மக்கள்தான். உருளையின் மேல் ஒரு சேலை சுற்றிக்கொண்டால் எந்தத் தெளிப்புக்குழாயாலும் அதைக் கழற்ற முடியாது. சேலை மூடாத கொஞ்ச இடத்தில் தண்ணீர் கடுமையாக இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே சல்லடைக்கு நீரோட்டம் வரும் பக்கத்தில் ஒரு சாணுக்கு ஒன்றாக மூங்கில் கழிகளைச் சாய்வாக ஊன்றி, துணியும் செடியும் அங்கேயே தடுபடும்படி செய்ய வேண்டியிருந்தது. இந்தக் கழிவேலி இல்லாமல் மூன்றில் எந்தச் சல்லடையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சல்லடையை வைக்கும் இடமும் பாதி வேலையைச் செய்கிறது. குழி தோண்டித் தேங்கிய நீரில் வைத்தால், அங்கே ஒதுங்கும் குஞ்சுகளுக்கு அதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஓட்டம் இருக்கும் இடத்தில், உருளையின் நீளம் ஓட்டத்தின் திசைக்கு இணையாக இருக்கும்படி வைத்தால், உள்ளே இழுக்கும் வேகத்தைவிடப் பக்கவாட்டில் அடித்துச் செல்லும் வேகம் கூடுதலாக இருந்து, குஞ்சையும் சருகையும் தாண்டி விட்டுவிடும். பெட்டியை வைக்கும்போதும் நீளப்பக்கம் ஓட்டத்துக்கு இணையாக இருக்கட்டும். தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி வைக்காவிட்டால் மணல் ஏறிக் கீழ்ப்பரப்பு மூடிவிடும்.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் கரையோரத்து மோட்டார் அறைகளே போயின; சல்லடை எந்த மூலைக்கு? பெட்டியோ உருளையோ எதுவானாலும் கரையிலுள்ள மரத்தோடு சங்கிலி போட்டுப் பிணைத்து, நான்கு போல்ட்டைக் கழற்றினால் கையோடு தூக்கிவிடலாம் என்கிற அளவில் பொருத்த வேண்டும். இந்த விஷயத்தில் உருளை இலேசானது, ஒருவரே தூக்கிவிடலாம். பெட்டிக்கு இரண்டு ஆள் வேண்டும்.

இவ்வளவும் எந்த மீனுக்காக என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்டார்: “ஜிலேபிக் குஞ்சையும் சேத்துல்லா காப்பாத்துதீரு?” அவர் சொல்வது சரிதான்; ஜிலேபிக் கெண்டை ஆற்றையே பிடித்துக்கொண்டிருக்கிறது; சல்லடைக்கு நாட்டு மீன், வந்தேறி மீன் என்ற பேதம் தெரியாது. ஆனால் 1954 இல் இ. ஜி. சைலஸ் விவரித்துப் பெயரிட்ட, தாமிரபரணியின் பெயரையே தாங்கிய டாக்கின்சியா தாம்பிரபர்ணியே என்ற கெண்டை இந்த ஆற்றுக்கே உரியது. இங்கே போனால் வேறு எங்கும் போய்த் தேட முடியாது. விலாங்கோ, கடலில் பிறந்து ஆற்றுக்கு ஏறி வருகிற மீன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி மேலே வந்து சேர்ந்த ஒரு விலாங்குக் குஞ்சை, கொசுவலையில் ஒட்டிச் சாக விடுவதற்கு எனக்கு மனமில்லை.

விலையைப் பொறுத்தவரை, உள்குழாயோடு சேர்ந்த பெட்டி உருளையின் விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குள் முடிந்தது. 5 எச்பி வரையுள்ள மோட்டாருக்கும், வாரம் ஒரு தடவையாவது ஆற்றுக்குள் இறங்கித் தேய்க்க ஆள் இருக்கிற தோட்டத்துக்கும், நான் பெட்டியையே சொல்வேன். இரவு பகலாக ஓடுகிற மோட்டாருக்கும், பல பேர் சேர்ந்து தண்ணீர் ஏற்றும் கூட்டுப் பாசனத்துக்கும், ஊராட்சிக் குடிநீருக்கும் உருளைதான் தக்கது. அங்கே இறங்கித் தேய்க்கிற பொறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதால் தெளிப்புக்குழாய்க்குக் கொடுக்கிற காசு வீணாகாது. 7.5 எச்பி மோட்டாருக்கு வாங்குகிறவர்கள், பீப்பாய் நிரம்பும் நேரத்தை முதலில் அளந்து, நொடிக்கு வரும் லிட்டரை 167 ஆல் பெருக்கி, அந்த அளவு சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத வெளிப்பரப்பைக் கேட்டு வாங்க வேண்டும். குழாயின் விட்டத்தைச் சொல்லி வாங்கக் கூடாது.

கோடையில் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கி உருளையின் மேற்பாதி வெளியே தெரியத் தொடங்கினால், பரப்பு பாதியாகி அணுகு வேகம் 10.6 சென்டிமீட்டருக்கு ஏறிவிடுகிறது. காற்றும் உள்ளே போய் மோட்டார் இழுக்காமல் நின்றுவிடும். அப்போது உருளையை ஆழமான இடத்துக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த இடமில்லையானால், தள்ளுகுழாயின் வால்வைப் பாதி அடைத்து, தொட்டி நிரம்பக் கூடுதல் நேரம் ஆகும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.